நாரைக்குப் போட்ட நகை

செத்த நாரைகளைத் தேடி எடுத்து வருவதுதான் கோபிநாத்தின் வேலை. இப்படிச் சொன்னால் சென்னையில் இருக்கும் அன்புமொழி மேடத்துக்குக் கோபம் வரும். நாரைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற அவர், 'எங்க ஃபீல்டு ஆளு' என்றுதான் அவனை நாலு பேரிடம் அறிமுகப்படுத்துவார். உயிரோடு இருக்கிற நாரையைப் பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பை மாட்டுகிற மாதிரி அதன் முதுகில் ஒரு கருவியை மாட்டிப் பறக்க விடுகிற வேலையும் அவனுக்கு உண்டுதான். ஆனால் அது வருஷத்தில் என்றைக்கோ ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் சொந்த ஊரான அன்னவாசலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்தக் கருவியை அவர்கள் டேக் என்பார்கள். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். மேலே கறுப்பாக ஒரு சோலார் தகடு. வெயில் பட்டால் சார்ஜ் ஏறும். நாரை இருக்கிற இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, டவர் கிடைத்ததும் அனுப்பிவிடும். அது கோபிநாத்தின் போனில், மேப்பில் புள்ளியாக வந்து விழும். நாரை பறந்தால் புள்ளிகள் ஊர் ஊராக ஓடும். ஒரே இடத்தில் புள்ளிமேல் புள்ளியாகக் குவிந்தால் நாரையின் கதை முடிந்தது என்று அர்த்தம். அவன் வண்டியைக் கிளப்பிவிடுவான்.

வயலிலோ கண்மாய்க்குள்ளோ கிடப்பதைக் கண்டுபிடித்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, வாரைக் கத்தரித்து டேக்கை எடுக்க வேண்டும். பெரும்பாலும் கரண்டு கம்பியில் அடிபட்டதாக இருக்கும். டேக்கை சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, அடுத்த நாரைக்கு எடுத்து வைக்க வேண்டும். ஆரம்பத்தில் அவனுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. இப்போது அந்தக் கையைக் கழுவிவிட்டு அப்படியே பரோட்டாவைப் பிய்த்துப் போடுகிறான். கூட வேலை பார்க்கும் வசந்த்துக்கே அதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. "என்னண்ணே, கல்லுக்குண்டாட்டம் ஆயிட்டீங்க" என்றான். கோபிநாத் இன்னொரு பரோட்டா சொன்னான்.

கல்லாகிப் போனது நாரையாலா என்ன? இலக்கியா செத்த பிறகுதான் அவன் இப்படி ஆனான்.

இலக்கியா அவன் பெண்டாட்டி. அறந்தாங்கி ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிற கருவக்கண்மாய் அவளுடைய ஊர். கண்மாய்க்குள் நிற்கிற கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் வருஷா வருஷம் கூடு கட்டும். அந்த நாரைகளைப் பார்க்கத்தான் கோபிநாத் முதன்முதலில் அந்த ஊருக்குப் போனான். முக்காலியில் பைனாகுலரை நிறுத்தி வைத்துக்கொண்டு அவன் எந்தப் பக்கம் பார்த்தானோ, அடுத்த வருஷம் கல்யாணப் பத்திரிகை அடித்தார்கள். "நாரை பாக்க வந்த பய பொண்ணு பாத்துட்டுப் போயிட்டான்" என்று ஊரே கேலி பேசியது. அவள் அண்ணன் தங்கமுத்துதான் முன்னால் நின்று கட்டிக் கொடுத்தான். அப்பா அம்மா இல்லாத பெண்.

அந்த ஊர்க்காரர்களுக்கு நாரை என்றால் தலைப்பிரசவத்துக்கு வந்த மகள். பேச்சுக்குச் சொல்வதல்ல, அப்படியேதான் நடந்துகொள்வார்கள். கூடு கட்டுகிற காலத்தில் வெடி போட மாட்டார்கள். கோயிலில் பாட்டுப் போடக் குழாய் கட்ட மாட்டார்கள். நாரை ஒன்று செத்து விழுந்தால் எந்த வீட்டுக்குப் பக்கத்தில் விழுந்ததோ அந்த வீட்டுப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஒரு முழம் புதுத்துணி போட்டுப் புதைப்பார்கள். பிரசவத்துக்கு வந்த இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்ட பெண்ணுக்குப் பிறந்த வீடு செய்கிற முறை அது.

இலக்கியாவும் தலைப்பிரசவத்துக்குத்தான் அங்கே போனாள். ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. விடிகிறபோது அவள் இல்லை.

அன்றைக்கு நடந்ததில் ஒன்றே ஒன்றைத்தான் கோபிநாத்தால் மறக்க முடியவில்லை. டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். தங்கமுத்து தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். கோபிநாத்துக்கு அழுகை வரவில்லை, பசித்தது. கேன்டீனுக்குப் போய் இட்லி வாங்கித் தின்றான், சட்னியைக்கூட இன்னொரு தடவை கேட்டு வாங்கினான். திரும்பி வந்தபோது தங்கமுத்துவின் மனைவி சத்யபிரியா பிள்ளையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றாள். அவன் மீசையில் சட்னி ஒட்டியிருந்ததை அவள் பார்த்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது. பார்த்தாளோ இல்லையோ, இவன் பிள்ளையிடம் கை நீட்டவில்லை.

அன்னவாசலில் காரியம் முடிந்தது. சத்யபிரியாவுக்குக் கைப்பிள்ளை இருந்ததால் தாய்ப்பால் இருந்தது. இந்தப் பிள்ளைக்கும் சேர்த்துப் பாலூட்ட அவள் தூக்கிக்கொண்டு போனாள். தங்கமுத்து இரண்டொரு தடவை போன் பண்ணினான். கோபிநாத் எடுக்கவில்லை. எடுத்து என்ன பேசுவது? அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து போன் வருவது நின்றுபோனது. 'நான் வேண்டாமென்று முடிவு பண்ணிவிட்டார்கள்' என்று அவன் எடுத்துக்கொண்டான். அதிலும் அவனுக்கு வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. அவனும், ரிட்டயர்டு கண்டக்டரான அவன் அப்பா பிச்சையும், ஓட்டல் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் டி.வி. பார்ப்பார்கள். அப்பா எப்போதாவது, "பிள்ளை உக்காருமாடா இப்ப?" என்பார். "உக்காரும்ப்பா" என்பான், என்னவோ பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி.

பத்து மாதம் இப்படியே போனது. தை பிறந்து கொஞ்ச நாளில் ஒரு நாரையின் புள்ளி நின்றது.

முதல் புள்ளிகள் கரண்டு கம்பிக்குக் கீழே ஒரு வயலில் குவிந்திருந்தன. அது வழக்கம்தான். அடுத்த புள்ளி கண்மாய்க்கரை மரத்தடியில். யாரோ தூக்கிப் போயிருக்கிறார்கள். கடைசிப் புள்ளி ஒரு வீட்டின் மேல். மொட்டை மாடியில் நீலத் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் மாட்டுக் கொட்டகை. அதற்கப்புறம் டேக் பேசவில்லை. மேப்பைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. தங்கமுத்துவின் வீடு அது. மாப்பிள்ளை விருந்துக்குப் போனபோது அந்த மாடியில்தான் அவனுக்குப் பாய் விரித்தார்கள்.

அன்புமொழி மேடம் போன் செய்தார். "கோபி, டேக்கை யாரோ வீட்டுக்குள்ள வச்சிருக்காங்க போல. வெளிச்சம் இல்லாததால ஆஃப் ஆகியிருக்கு. அது உங்க…" என்று நிறுத்தினார். "வசந்த்தை அனுப்பவா?"

"நானே போறேன் மேடம்" என்றான். யோசித்துச் சொன்னதல்ல. எப்போதும் அதைத்தான் சொல்வான், வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் போய் இறங்கினான். தங்கமுத்து வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"வாங்க மாப்ள" என்றான். அவ்வளவுதான். திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"நாரை ஒண்ணு… அதோட மிஷினு இங்கிட்டு இருக்குன்னு காட்டுச்சு மச்சான்."

"இருக்கு. உள்ள வாங்க."

வந்த காரியத்தை முதலில் சொல்லிவிட்டதில் கோபிநாத்துக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. மனுஷனுக்கு வெட்கம் என்று ஒன்று வேண்டாமா? பெற்ற பிள்ளை அந்த வீட்டுக்குள் இருக்கிறது, இவன் மிஷினைக் கேட்டுக்கொண்டு போய் நிற்கிறான்.

சத்யபிரியா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நல்லா இருக்கீங்களாண்ணே" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் பீரோவைத் திறந்தாள். பட்டுப் புடவைகளுக்கு நடுவிலிருந்து ஒரு வெள்ளைத் துணி முடிச்சை எடுத்தாள். ஒரு தாம்பாளத்தில் வைத்து அவன் முன்னால் நீட்டினாள். துணியைப் பிரித்தால் டேக். மஞ்சள் தண்ணீரில் நன்றாகக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறாள். சோலார் தகடு மேல் மஞ்சள் படிந்து காய்ந்திருந்தது.

"எதுக்கு தங்கச்சி பீரோவுல வச்சீங்க?" என்றான். "வெளிய கெடந்திருந்தா எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

"வெளிய போடுறதுக்கு அது என்ன குப்பையாண்ணே?" என்றாள். "நாரையப் பொதைச்சோம். ஆனா இது நீங்க போட்டு அனுப்பினதாச்சே. மருமகளுக்குப் புருஷன் வீட்டுல போட்ட நகைய நாங்க மண்ணுல போடுவமா, இல்ல தெருவுல போடுவமா? போட்டவங்க வந்து கேப்பாங்க, கேட்டாக் குடுக்கணும்னு எடுத்து வச்சேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"நாங்களா கூப்பிட்டுக் குடுக்கிறது மொறையில்ல மாப்ள" என்றான் தங்கமுத்து வாசற்படியில் உட்கார்ந்தபடி. "ஒங்க பொருள் எங்களுக்கு வேணாம், தூக்கிட்டுப் போங்கன்னு சொன்ன மாதிரி ஆயிடும். கேட்டு வந்தாத்தான் குடுக்கணும்."

கோபிநாத் டேக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். தங்கமுத்து விடவில்லை. "பொருள் சரியா இருக்கான்னு இங்கயே பாத்து வாங்கிக்குங்க. நாளைக்கு நாங்க கெடுத்துப்புட்டோம்னு ஒரு பேச்சு வரக்கூடாது."

"வெயில்ல வச்சு ரெண்டு மூணு மணி நேரமாவது ஆகும் மச்சான்."

"ஆகட்டுமே. வெயிலு எங்க போகப்போகுது?"

வேறு வழியில்லை. சட்டை நுனியை நனைத்து மஞ்சளைத் துடைத்தான். முற்றத்தில் வெயில் விழுகிற இடத்தில் ஒரு மணையைப் போட்டு டேக்கை வைத்தான். அதற்குப் பக்கத்தில், தூண் நிழலில் போனோடு உட்கார்ந்தான். தங்கமுத்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டான். அடுக்களையில் குக்கர் விசிலடித்தது.

அப்போதுதான் அது தவழ்ந்து வந்தது.

சத்யபிரியாவின் பிள்ளை நடக்கிற பிள்ளை, அப்படியென்றால் இது அதுதான். இடுப்பில் கறுப்புக் கயிறு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, முழங்காலெல்லாம் மண். முகத்தில் இலக்கியாவின் சாயல் தெரியும், நெஞ்சு வெடிக்கும் என்றெல்லாம் அவன் பயந்திருந்தான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவனுக்கு அது ஒரு பிள்ளையாகத் தெரிந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி. இதற்கா இவ்வளவு நாள் பயந்தோம் என்றுகூட நினைத்தான். அப்படி நினைத்ததற்காகத் தன்மேல் வெறுப்பாக வந்தது, அதுவும் லேசாகத்தான்.

பிள்ளை நேராக மணைக்கு வந்து அதில் கையூன்றி எழுந்து நின்றது. அதன் நிழல் முழுதும் டேக்கின் மேல் விழுந்தது.

"ஏய், அங்கிட்டுப் போ" என்றான். போகுமா? யார் வீட்டில் வந்து யாரைப் போகச் சொல்கிறான்!

சார்ஜ் ஏறாது. வேறு வழியில்லாமல் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, அந்தப் பக்கமாக உட்கார வைத்தான். கனமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் துணிக்குள் தெரிந்தது ஒரு பிடிகூட இருக்காது. இந்தக் கனமெல்லாம் இவன் பார்க்காதபோது ஏறியது, ஏற்றியவள் அடுக்களையில் இருக்கிறாள். பிள்ளை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் மணைக்கே வந்தது, மறுபடியும் நிழல். மறுபடியும் தூக்கி வைத்தான். அது இதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தது. இன்னொரு முறை வந்தபோது இறக்கி விடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டான். வேலை நடக்க வேண்டும், அதற்காகத்தான். அது அவன் பெருவிரலைப் பிடித்து வாயில் வைத்து, புதுசாக முளைத்த இரண்டு பல்லால் கடித்தது.

உட்கார்ந்தே மரத்துப்போன கால் விழிக்கிறபோது ஊசி ஊசியாகக் குத்துமே, அப்படி அவனுக்கு உள்ளே எங்கோ குத்தியது. நன்றாக வலித்தது.

சத்யபிரியா சாப்பிடக் கூப்பிட வந்தவள் அவன் மடியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இவ பேரு என்ன?" என்று கேட்டான்.

"பேரு இல்லண்ணே."

"பேரு இல்லையா?"

"அப்பன் வீட்டுல வந்து வைக்காம நாங்க எப்படி வைக்கிறது? பாப்பாங்கிறோம். சர்டிபிகேட்லயும் பேரு எடத்துல ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு உள்ளே போனவள் திரும்பி வந்தபோது கையில் இன்னொரு முடிச்சு இருந்தது, அதே மாதிரி வெள்ளைத் துணி. அதையும் தாம்பாளத்தில் வைத்தாள். தாலி. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போது நர்ஸ் கழற்றிக் கொடுத்தது. அதற்குப் பதிலாக ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டுதான் இலக்கியா உள்ளே போனாள்.

"நீங்க கேட்டு வருவீங்கன்னுதான் இதையும் எடுத்து வச்சிருந்தேன்" என்றாள். "ரெண்டையும் குடுத்துட்டேன். வேற எதையும் கேக்கணுமாண்ணே? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?"

கோபிநாத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்கள் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. இவனை வெறுத்து ஒதுக்கவும் இல்லை. பீரோவில் மஞ்சள் தடவி எடுத்து வைத்த பொருளைப் போலத்தான் இவளையும் பத்து மாதமாகப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கேட்பான் கேட்பான் என்று வாசலைப் பார்த்தபடி இருந்திருக்கிறார்கள். தாங்களாகக் கொண்டுவந்து விட்டால் வேண்டாமென்று தள்ளியதாக ஆகிவிடும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இவனோ, வந்த போனையும் எடுக்காமல், அப்புறம் கூப்பிடவில்லை என்ற சாக்கில் ஓட்டல் பார்சலைத் தின்றுகொண்டு கிடந்திருக்கிறான்.

போன் டிங் என்றது. டேக் விழித்துக்கொண்டுவிட்டது. உள்ளே சேர்த்து வைத்திருந்த புள்ளிகள் பொலபொலவென்று மேப்பில் வந்து விழுந்தன. வழக்கமாக உடனே எடுத்துப் பார்ப்பான். ஆனால் பிள்ளை போனைப் பிடித்து இழுத்தது, அவன் விட்டுவிட்டான்.

"தங்கச்சி" என்றான். "என் பிள்ளையக் கேட்டு வந்திருக்கேன்."

பொய்தான். கேட்டு வந்தது மிஷினை. ஆனால் அதைவிட உண்மையான வார்த்தையை அவன் அந்தப் பத்து மாதத்தில் பேசியதில்லை.

சத்யபிரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இம்புட்டு நாளா இதுக்குத்தானே கெடந்தேன்" என்று அழுதாள். "இப்ப நீங்க கேட்டதும் குடுக்க மனசு வரலையேண்ணே, நான் என்ன செய்வேன்? என் பாலக் குடிச்சு வளந்தவ." வாசலுக்குத் திரும்பி, "என்னங்க, கேட்டுட்டாங்க, வாங்க" என்று கூப்பிட்டாள்.

தங்கமுத்து கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தான். அழுகிற மனைவியையும், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வீட்டுக்குப் பெரிய மனிதனாகப் பேசினான்.

"வெள்ளிக்கிழமை பொண்ணை அனுப்ப மாட்டோம். அதுவும் போக, இன்னும் பால் மறக்கல. அது மறக்கிற வரைக்கும் அவ இங்கதான் இருக்கணும். பேரு வச்சு, என் மடியில வச்சுக் காது குத்தி அனுப்புறேன். அதுவரைக்கும்…" மாடிப்பக்கம் கையைக் காட்டினான். "மாடி ரூமு சும்மாதான் கெடக்கு மாப்ள. நாரை பாக்கிற வேலைய இங்கேயிருந்தும் பாக்கலாமுல்ல?"

அடுத்த வாரம் அன்புமொழி மேடம் போன் செய்தார். கோபிநாத் முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். மடியில் பாப்பா, அதன் கையில் நமத்துப்போன ஒரு பிஸ்கட்.

"கோபி, டேக் ஆன் ஆகியிருக்கே, சந்தோஷம். ஆனா புள்ளி இன்னும் அந்த வீட்டு மேலயே குவிஞ்சுக்கிட்டிருக்கு. அசையவே இல்ல. எடுக்க முடியலையா? அவங்க குடுக்க மாட்டேங்கிறாங்களா?"

"குடுத்துட்டாங்க மேடம். என்கிட்டதான் இருக்கு."

"அப்புறம் ஏன் நகரல?"

"நான்தான் மேடம் இங்கேயே இருக்கேன்" என்றான்.

அதைச் சொல்லிப் போனை வைத்த பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது. பத்து மாதமாக வராதது, மாட்டுக் கொட்டகை வரைக்கும் கேட்கிற மாதிரி வந்தது. சத்யபிரியா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பாப்பா அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தது. அழுகிறவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். கையிலிருந்த எச்சில் பிஸ்கட்டை அவன் வாயில் வைத்துத் திணித்தது.

அவனுக்குப் பசிக்கவில்லை. ஆனாலும் மென்று விழுங்கினான்.